பதிலுக்கு அனுப்பப்பட்டவள்

நம் வயதில் ஒரு புது ஆங்கில வார்த்தையைக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறோம், சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளின் பெயர்களே நமக்கு வாயில் நுழைவதில்லை. இருந்தாலும் போன வாரம் ஒரு வார்த்தை காதில் விழுந்தது. அதிலிருந்து பகலில் கண்ணயர்வதும் போய்விட்டது.

விழுப்புரத்தில் மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அவள் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டே ஒரு தோழியிடம் போனில் இன்னொரு தோழியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு செய்தாலும் அவள் ரெசிப்ரோகேட் பண்ணுவதே இல்லை என்றாள். போனை வைத்ததும் அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"ஒருத்தர் நமக்கு ஒண்ணு செஞ்சா, நாமளும் அவங்களுக்கு அதே மனசோட செய்யறதும்மா. சிரிச்சா சிரிக்கிறது. கூப்ட்டா நாமளும் கூப்புடறது."

பண்டிகை வாழ்த்துக்கு, விருந்துக்கு, மரியாதைக்கு, அன்புக்கு எல்லாம் அந்த வார்த்தையைப் போடலாமாம். நாடுகளுக்குக்கூடப் போடலாமாம். கொடுத்த பொருளையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை, மனசுதான் முக்கியம் என்றாள். அவன் வீட்டுப் பெண்ணை இவன் துரத்திவிட்டதற்கு இவன் வீட்டுப் பெண்ணை அவன் துரத்தினால், அதற்கும் அந்த வார்த்தையைப் போடலாமா என்று கேட்டேன். கீரையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். போட்டால் தப்பில்லை, ஆனால் பழிக்குப் பழி வாங்குவதற்குத் தனியாக வேறு வார்த்தை இருக்கிறது, அதுதான் பொருந்தும் என்றாள். வெள்ளைக்காரன் கொடுத்து வைத்தவன். நல்லதுக்கு ஒன்று, கெட்டதுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். பதிலுக்கு.

எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்தது பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். உங்களில் பல பேருக்கு விளக்க வேண்டியதில்லை. இளையவர்கள் யாராவது படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். அம்மாவை அப்பா கட்டிக்கொண்டார். அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில், அப்பாவின் தங்கையை அம்மாவின் அண்ணன் கட்டிக்கொண்டார். அப்பாவின் தங்கை எனக்கு அத்தை. அம்மாவின் அண்ணன் மாமா. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில். மாமாவின் ஊர் வானூர்ப் பக்கம். அம்மாவுக்கு அத்தை அண்ணன் பெண்டாட்டி, அதனால் அண்ணி. அத்தைக்கும் அம்மா அண்ணன் பெண்டாட்டிதான், அதனால் அண்ணி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அண்ணி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

இந்த மாதிரிக் கல்யாணத்தில் வரதட்சணைப் பேச்சு இல்லை, சண்டை இல்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இங்கே ஒன்று செய்தால் அங்கேயும் அதையே செய்தாக வேண்டும். பொங்கலுக்கு அம்மாவுக்கு எடுக்கும் புடவையை அத்தைக்கும் எடுத்தார்கள். அதே திண்டிவனத்துக் கடை, அதே நிறம், அதே கரை. ஓர் ஆடிக்கு நாற்று நடவு என்று அம்மாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த ஆடிக்கு அத்தையை அங்கிருந்து அனுப்பவில்லை. நடவு இல்லாத வருஷம் அது.

ஒரு தடவை அப்பா கோபத்தில் அம்மாவை அறைந்துவிட்டார். சேதி எப்படியோ வானூர்ப் பக்கம் போய்விட்டது. மாமாவுக்குப் பெண்பிள்ளை மேல் கை நீளாது. அடிக்கத் தெரியாத மனிதர் பதிலுக்கு என்ன செய்வார்? மார்கழி மாதம் பூராவும் அத்தை சமைத்ததைத் தொடாமல், டீயும் கடைப் பொறை ரொட்டியும் தின்றே காலத்தைத் தள்ளினாராம். அத்தை அழுதுகொண்டே தினமும் சோற்றைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாளாம். இதையெல்லாம் நான் பெரியவளான பிறகு அத்தை வாயாலேயே கேட்டேன். அப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். எந்தக் குறையைச் சொன்னாலும் அது சுற்றி வந்து மற்றவள் தலையில்தான் விழும் என்று தெரிந்துவிட்டது. எங்காவது விசேஷத்தில் பார்த்துக்கொண்டால் நல்லா இருக்கியா அண்ணி, நல்லா இருக்கேன் அண்ணி. அத்தோடு சரி.

நான் சொல்ல வந்தது ஒரு பங்குனி மாதத்துக் கதை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். களம் பூராவும் ஈர மண்ணும் பச்சைக் கொடியும் கலந்த வாசனை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் பச்சைக் காயைத் தின்றுவிட்டு வயிற்று வலி என்று சுருண்டு படுப்போம். அப்படி ஒரு மத்தியானத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரப்பு மேலாக அத்தை வந்தாள். தனியாக வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

பண்டிகை இல்லை, கூட மாமா இல்லை, பையில் வெற்றிலை பாக்கு பூ எதுவும் இல்லை. எங்கள் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அத்தை சும்மா வந்தேன் என்றாள்.

"அறுப்பு நேரத்துல சும்மா எவ வருவா? இன்னா பண்ணாங்க உன்ன?"

ஒன்றும் பண்ணவில்லை என்றாள். அவள் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, பெரியப்பாவுக்கு என்னவோ இருக்கிறது என்பது உறுதியாகிக்கொண்டே போனது. நடந்தது இவ்வளவுதான். அத்தைக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு சோர்வு. சோற்றைக் கண்டால் குமட்டல். மாமா வீட்டிலும் மல்லாட்டை அறுப்பு. உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு நாள் படுத்து எழுந்து வா என்று அவர்தான் பஸ் ஏற்றிவிட்டார். நல்ல மனசோடுதான் அனுப்பினார். கூட வர நேரமில்லை, அவ்வளவுதான். அத்தை இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், உடம்புக்கு முடியாதவளை வைத்துப் பார்க்காமல் துரத்தினார்களா என்று பேச்சு வரும், அந்தப் பேச்சு அம்மாமேல் விடியும் என்று பயந்தாள். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. பெரியம்மா செத்த பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, எங்கள் வயலில்தான் பாடு. தங்கை என்றால் உயிர். அந்த உயிர்தான் வினையாகிவிட்டது. நம் பெண்ணைத் தனியாக, துணிப்பையோடு, மத்தியான பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் பெண்ணையும் தனியாக, துணிப்பையோடு, மத்தியான பஸ்ஸில்தான் அனுப்ப வேண்டும். இதில் ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காலையிலேயே அனுப்பிவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, மத்தியான பஸ்தான் என்று சொல்லிவிட்டார்.

அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணிக்கு ஒடம்பு சரியில்லன்னு தோணுது. நான் இருந்து பாத்துக்கறேன். தெளிஞ்சப்பறம் என்ன அனுப்புங்க."

அப்பா தலையைக் குனிந்து மல்லாட்டைத் தோலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பெரியப்பா காதில் அது விழுந்துவிட்டது. பார், போகாமல் இருக்க வழி தேடுகிறாள் என்றார். அப்பா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசாததை அண்ணனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருந்தார், பாவம்.

பஸ் நிற்கும் இடம்வரை அம்மாவின் பின்னாலேயே ஓடினேன். அவள் அழவில்லை. அத்தைக்குக் காலையில் கஞ்சி வைத்துக் கொடு, உப்பு குறைவாகப் போடு என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும். கேப்பைக் கூழ் தினமும் அடிப்பிடித்தது. அத்தை அடுப்பிடம் போவாள், எண்ணெய் வாசனை வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாள். சமைக்கிறவளை அனுப்பிவிட்ட பெரியப்பா தீய்ந்த கூழைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு நல்லா இருக்கு என்றார். எனக்கு எப்போதும் ஒரே யோசனைதான். அம்மா எப்போது வருவாள். அத்தை போனால்தான் அம்மா வருவாள் என்று பெரியவர்கள் பேச்சிலிருந்து புரிந்திருந்தது. அத்தையையும் எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் படுத்துக்கொண்டு முதுகைச் சொறிந்துவிடுவாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன கேடு என்று எனக்கு விளங்கவே இல்லை.

அத்தைக்கு என்ன வியாதி என்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். குமட்டல், சோர்வு, கோடைக்காலம். மஞ்சள் காமாலைதான். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அத்தை தினமும் கல்லில் மஞ்சள் உரசி முகத்திலும் கையிலும் காலிலும் பூசிக் குளிப்பாள். கல்யாணமான பெண் முகம் மஞ்சளாக இருந்தால் லட்சணம். களத்துக்கு வந்த பெண்கள், வாடிப்போய் வந்தவள் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில் எப்படி மினுமினுக்கிறாள் பார் என்று மெச்சினார்கள். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது, உரசிய கைதானே. தலையணைத் துணியில் மஞ்சள் ஒட்டியிருந்தது, பூசிய முகம்தானே. கண்ணை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த இரண்டு ஆண்களும் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவர்கள்.

வானூர்ப் பக்கம் மாமாவுக்கு ஒன்றுமே புரியவில்லையாம். ஓய்வெடுத்து வா என்று பெண்டாட்டியை அனுப்பினால், பதிலுக்குத் தங்கையை மூட்டை மாதிரி ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. வந்து அழைத்துப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் பெரியப்பா, அவர்கள்தான் முதலில் அனுப்பினார்கள், அவர்கள்தான் முதலில் வர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். சித்திரையும் பிறந்துவிட்டது.

கடைசியில் நடுவில் புகுந்தவர் கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர். கூட்டேரிப்பட்டு இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற கூட்டுரோடு. எந்தப் பக்கம் போகிறவர்களும் அங்கே இறங்கி அவர் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் பஸ் மாற வேண்டும். இருவரும் ஒரே நாளில் புறப்படுங்கள், என் கடைக்கு வாருங்கள், ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் முதலில் இறங்கி வந்ததாக இருக்காது என்று அவர் ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாவாடையை நானே துவைத்துப் போட்டிருந்தேன். அப்பா, பெரியப்பா, அத்தை, நான் நால்வரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். அப்போது அந்த ரோடு இவ்வளவு அகலம் இல்லை. இரண்டு ஓரத்திலும் புளியமரம். டீக்கடையில் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தார்கள். மயிலம் கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு. எதிர்ப் பக்கத்துப் புளியமரத்தடியில் மாமா நின்றார். பக்கத்தில் அம்மா. அத்தை கட்டியிருந்த அதே கத்தரிப்பூ நிறப் புடவையைத்தான் அவளும் கட்டியிருந்தாள். பொங்கலுக்கு எடுத்தது.

டீக்கடைக்காரர் தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். லாரி போகட்டும், இப்போது வாருங்கள் என்றார். இந்தப் பக்கமிருந்து அத்தையும் அந்தப் பக்கமிருந்து அம்மாவும் நடந்தார்கள். நடுவில் பேசக்கூடாது என்று பெரியப்பா அத்தையிடம் சொல்லியிருந்தார். அத்தை பேசவில்லை. அம்மாதான் நின்றுவிட்டாள். அத்தையின் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். கட்டை விரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க வா. கண்ணப் பாருண்ணே."

மாமா யோசிக்காமல் ரோட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். நான் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். டீக்கடைக்காரர் எங்கள் எல்லாரையும் ஓரத்துக்குத் தள்ளினார். கண் மல்லாட்டை எண்ணெய் நிறத்தில் இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று மாமா கேட்டார். நம் வீட்டில் இருக்கும்போதே என்று அத்தை சொன்னாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்பா கேட்டார்.

"சொன்னா அண்ணிய எதுனா சொல்லுவீங்கன்னு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அவ சொல்லாமலே என்ன அனுப்பிட்டீங்க."

அதற்குள் மயிலம் வழியாகப் பாண்டிச்சேரி போகும் பஸ் வந்து நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாமா அத்தையின் கையைப் பிடித்தார். அத்தையால் படியில் கால் வைக்க முடியவில்லை. அம்மா பின்னாலிருந்து அவளைத் தாங்கி ஏற்றினாள். ஏற்றிவிட்டு இறங்குவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் ஏறினாள். பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"நீ எங்க ஏறுற? நீ எங்க பக்கம் வரணும். அதான பேச்சு."

"ஆஸ்பத்திரியில பொம்பளையப் பாக்க எங்கண்ணனுக்குத் தெரியாதுங்க. அவ எழுந்து நடக்கட்டும். அப்பறம் வர்றேன்."

ரெண்டு பேரும் அங்கே போய்விட்டால் எங்களுக்கு என்ன என்று பெரியப்பா டீக்கடைக்காரரைக் கேட்டார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கை இன்னும் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தது. அவள் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

அப்பா எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் தொடவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து, இதற்குப் பதிலுக்கு நாம் என்ன செய்வது, என்ன செய்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். இரண்டு குடும்பத்து வழக்கத்திலும் இதற்கு ஈடாகச் செய்ய ஒன்றும் இல்லை. அப்பாதான் கடைசியில், அவள் சொன்ன அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். அண்ணன் எதிரில் அப்பா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை பிழைத்தாள். ஆஸ்பத்திரி மருந்தும் அம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியும் மோர்ச் சோறும். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்று, நெடுங்காலம் இருந்துதான் போனாள். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் உங்கள் அம்மா பெரிய மனுஷி என்கிறார்கள். என் மகளும் அதையேதான் சொன்னாள். அத்தை அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள், அம்மா அதற்குத்தான் ரெசிப்ரோகேட் பண்ணியிருக்கிறாள், வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது என்றாள். இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த பஸ்மேல் இன்றைக்கும் கோபம்தான். அம்மா பிரித்தது என் விரல்களை. சரியான காரியம் என்று தெரிவதால் வலி குறைந்துவிடுகிறதா என்ன? உங்களுக்குக் குறைந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆடி பிறந்த பிறகுதான் அம்மா வந்தாள். யாரும் போய் அழைக்கவில்லை, யாரும் கொண்டுவந்து விடவுமில்லை. தானாகப் பஸ் ஏறி வந்தாள். பாதி இளைத்திருந்தாள். கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டாள். பெரியப்பா பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டாள். போகவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். பேசவில்லை. பொழுது சாயும்வரை அப்படியே இருந்தேன்.

"உங்க பெரியப்பா மாதிரி நீயும் பதிலுக்குப் பண்றியாடி?"

திட்டுகிற குரலில் கேட்கவில்லை. சலித்துப்போன குரலில் கேட்டாள். எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்தது. போய் அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அத்தனை நாளும் சீவாத தலை, சிக்குப் பிடித்து முடிச்சு முடிச்சாக இருந்தது. எண்ணெய் வைத்து, விரலாலேயே ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தாள். பிறகு பின்ன ஆரம்பித்தாள். பாதியில் அவள் கை நின்றுவிட்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். பாதிப் பின்னல் அப்படியே அவள் கைப்பிடிக்குள் இருந்தது. ஆஸ்பத்திரித் தரையிலும் அத்தையின் பாயோரத்திலும் அவள் தூங்காத தூக்கம் அது. நான் அசைந்தால் எழுந்துவிடுவாள். அப்பா விளக்கை ஏற்றப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கழுத்து வலித்தது, கால் மரத்துப்போனது. அவளாக எழும்வரை நான் அசையவில்லை.